கட்டில் மேல எஞ்சின்

துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்திட்டாங்கன்னு சேதி வந்தா, எங்க குப்பத்துல ஒக்காந்து பயப்படறதுக்கு யாருக்கும் நேரம் கெடையாது. ஆம்பளைங்க போட்டுங்களக் கரையிலேர்ந்து ரோட்டாண்ட இழுப்பாங்க. பொம்பளைங்க தண்ணி புடிப்போம். மோட்டார் ஓடும்போதே டிரம்மு, குடம், பக்கெட்டு, சோறு வடிக்கிற குண்டான் வரைக்கும் ரொப்பி வெச்சிடணும். எண்ணூர்ல கரண்ட்டு போச்சின்னா எப்ப வரும்னு சொல்றதுக்கு ஒருத்தனும் இருக்க மாட்டான். இத்தினிக்கும் எங்க வாசல்ல நின்னா கரண்ட்டு எடுக்கற எடத்தோட பொகக் கொழா தெரியும். சாம்பல் எங்க சட்டியில வுழும், வெளிச்சம் மட்டும் வேற எங்கியாவது போவும். வயித்தெரிச்சல்தான், இன்னா பண்றது.

அந்த வருசம் கார்த்தி மாசத்துல வந்த புயலுக்கு நான் கொஞ்சம் அதிகமாவே உஷாரா இருந்தேன். கூண்டு ஏத்தறதுக்கு முந்தின நாளே ரெண்டு நாளைக்கு மாவு அரைச்சி வெச்சேன். மெழுகுவத்தி, தீப்பெட்டி, கொசுவத்தி, பிரெட்டு, பால் பவுடரு எல்லாம் வாங்கினேன். ரேசன் கார்டு, ஆதாரு, வூட்டுப் பட்டா மூணையும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு, அதுக்கு மேல இன்னொரு கவரப் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால ஆணியில தொங்க வுட்டேன். எங்க வூட்டுக்காரரு மேல ஏறி சிமெண்ட் ஷீட்டு பறக்காம மணல் மூட்டை வெச்சாரு. நான் கீழ நின்னு, அங்க வெய்யி, இங்க வெய்யின்னு அவரு உயிர வாங்கிகினு இருந்தேன். எனக்குத் தெரிஞ்சி அந்தத் தெருவுல என்ன மாதிரி தயார் பண்ணவ எவளும் இல்ல. இத பெருமைக்குச் சொல்லல. பின்னால இன்னா நடந்ததுன்னு தெரிஞ்சவளா சொல்றேன்.

நான் அவ்ளோ பரபரத்ததுக்குக் காரணம் எங்க அம்மா. வலது பக்கம் கையும் காலும் வுழுந்து ரெண்டு வருசமா படுக்கை. பேச்சு மட்டும் தப்பிச்சிது. அதுவும் நல்லாத் தப்பிச்சிது. காசிமேட்ல ஏலம் எடுத்து, கூடையத் தலையில வெச்சிகினு ராயபுரம் பூரா மீனு வித்தவ. படுத்த எடத்துலேர்ந்தே தெருவுல போற மீன்காரிய நிறுத்தி, "இன்னாடி இது, கண்ணு வெளுத்துக் கெடக்குது, மூணு நாள் ஐஸ்ல இருந்த சரக்கா?"ன்னு கேப்பா. அண்ணன் வூட்லதான் இருந்தா. அண்ணி பீ மூத்திரம் அள்ள முடியாதுன்னு கையத் தூக்கிட்டா. அவளையும் குத்தம் சொல்ல முடியாது, ரெண்டு வூட்ல வேலை செய்யறவ. நான் போயி ஆட்டோவுல ஏத்தி இட்டாந்துட்டேன்.

ஆனா பொண்ணு வூட்ல வந்து படுக்கறது எங்க ஜனத்துல சாதாரண விசயம் இல்ல. மருமவன் வூட்டுச் சோறுன்னா ஒரு கூச்சம். ஊரையே அதட்டின பொம்பளை, எங்க வூட்டுக்காரரு உள்ள வந்தா கொரலக் கொறச்சிக்குவா. ஃபேனுகூடப் போடச் சொல்ல மாட்டா. வேர்த்துக் கொட்டிகினு, காத்து நல்லாத்தான் வருதுன்னுவா. எனக்கு அதப் பாத்தா கோவம்தான் வரும். எங்க வூட்டுக்காரரு அப்பிடிப்பட்ட ஆளும் கெடையாது. நான் மார்க்கெட்டுக்குப் போயிட்டா அம்மாவுக்கு கஞ்சி ஊத்தறது அவருதான்.

படுத்த படுக்கைக்குப் புண்ணு வரும்னு டாக்டரு ஏர் பெட்டு போடச் சொன்னாரு. காத்தடைச்ச மெத்தை. பக்கத்துல ஒரு சின்ன மெசினு, ராத்திரி பகலா மாத்தி மாத்தி காத்த அனுப்பிகினே இருக்கும். அது ஓடறவரைக்கும் ஒடம்பு ஒரே எடத்துல அழுந்தாது. கரண்ட்டு நின்னா மெத்தை மெள்ள மெள்ள எறங்கிப் போயி, அம்மா கட்டில் பலகையிலதான் கெடப்பா. ஏற்கெனவே இடுப்பாண்ட ஒரு புண்ணு வந்து ஆறிகினு இருந்த நேரம். புயலுன்னு கேட்டதும் எனக்கு ஷீட்டு பறக்குமேன்னு கவலை வரல. மெசினு நின்னுடுமேன்னுதான் வந்துச்சி.

அதுக்கும் எங்க வூட்டுக்காரருதான் வழி பண்ணாரு. போட்ல லைட்டுக்கும் மீனு காட்டற மெசினுக்கும் வெச்சிருக்கற பெரிய பேட்டரியக் கழட்டி, சார்ஜ் போட்டு, வூட்டுக்குத் தூக்கியாந்தாரு. தோஸ்து ஒருத்தராண்ட சின்ன இன்வெர்ட்டரு ஒண்ணு கேட்டு வாங்கி அதுல மாட்டினாரு. ஏர் பெட்டு மெசினு ஓடிச்சி. ரெண்டு நாளு தாங்கும், கவலப்படாதீங்க அத்தைன்னு அவரு சொன்னதும், அம்மா மொகத்த அந்தப் பக்கம் திருப்பிகினு கண்ணத் தொடச்சிகினா. அன்னிக்கி அந்த ஆளு மேல எனக்கு வந்த பாசம் கண்ணாலம் ஆன புதுசுலகூட வரல.

பேட்டரி வந்துச்சி. அப்பால எஞ்சினும் வந்துச்சி.

எஞ்சினு வூட்டுக்குள்ள வர்றது எங்க குப்பத்து வழக்கம். புயல் வந்தா ஃபைபர் போட்டு ஒடைஞ்சாலும் ஒட்டிக்கலாம், வலை கிழிஞ்சாலும் பின்னிக்கலாம். எஞ்சினுல உப்புத் தண்ணி பூந்துச்சின்னா தொழிலே படுத்துடும். அதனால அதக் கழட்டி, ரெண்டு ஆம்பளைங்க கழியில தொங்க வுட்டு, வூட்டுக்குள்ள தூக்கியாந்து ஒசரமான எடத்துல வெப்பாங்க. ஒரு ரூம்பு வூட்ல ஒசரமான எடம் எது? கட்டிலுதான். காலுக்கு நாலு செங்கல்லு குடுத்து, மேல தார்ப்பாய் போட்டு, எஞ்சினப் படுக்க வெச்சிக் கயித்தால கட்டிடுவாங்க. வூட்ல இருக்கற ஜனம் பூரா தரையில படுக்கும். புள்ளத்தாச்சிப் பொண்ணுங்களே தரையில படுத்துப் பாத்திருக்கேன். யாரும் அத ஒரு கொறையா நெனச்சதில்ல. நான் கண்ணாலம் ஆகி வந்த மொத வருசமே தரையில படுத்து, கட்டில் மேல இருந்த எஞ்சினப் பாத்து சிரிச்சவதான்.

எங்க வூட்டு பரண் மேல வலை அடைஞ்சி கெடந்துச்சி, இன்னொரு சாமான் வெச்சா இடிஞ்சி வுழுந்துடும். எங்க வூட்டுக்காரரும் கூட போட்ல போற பங்காளியும் எஞ்சினத் தூக்கிகினு வாசல்ல வந்து நின்னாங்க. கட்டில்ல அம்மா. ரெண்டு பேரும் அம்மாவப் பாத்தாங்க, அப்பறம் என்னப் பாத்தாங்க. மழ தூத்தல் போட ஆரம்பிச்சிடுச்சி. கழி தோள அழுத்துது, பங்காளி காலு மாத்தி மாத்தி நிக்கிறாரு. எங்க வூட்டுக்காரரு, பக்கத்துத் தெருவுல கேட்டுப் பாக்கட்டுமான்னு என்னாண்ட கேட்டாரு. பக்கத்துத் தெருவுலயும் கட்டிலுக்குக் கட்டிலு எஞ்சினுதான்னு அவருக்கும் தெரியும்.

அப்பதான் அம்மா வாயத் தொறந்தா.

"என்னக் கீழ எறக்குங்க மாப்ள. எஞ்சின மேல வைங்க. அது நனைஞ்சா சோறு இல்ல. நான் நனைஞ்சா துணி மாத்திக்கலாம்."

நான் ஒண்ணும் பேசல. நெசமாச் சொல்றேன், எனக்கு உள்ளுக்குள்ள அப்பாடான்னு இருந்துச்சி. நான் சொல்ல வேண்டியத அவளே சொல்லிட்டா, புருசனாண்டயும் கெட்ட பேரு இல்ல, அம்மாவாண்டயும் கெட்ட பேரு இல்லன்னு ஒரு நிம்மதி. ஜல்தி ஜல்தியா தரையில பாய விரிச்சி, அதுக்கு மேல ஏர் பெட்டப் போட்டேன். எங்க வூட்டுக்காரரு அம்மாவக் கொழந்த மாதிரி தூக்கிப் படுக்க வெச்சாரு. ஒரு நாளு அத்தை, காத்து அடங்கினதும் மேல ஏத்திடறேன்னாரு. பேட்டரிய ஒரு ஸ்டூல் மேல வெச்சாரு. மெசினு ஓடிச்சி. நான் அம்மாவுக்குப் போத்தி வுட்டு, சௌரியமா கீதான்னு கேட்டேன். பேஷா கீதுன்னா.

புயல் அன்னிக்கி ராத்திரி பூரா அடிச்சிது. கரண்ட்டு எடுத்தவொடனே போயிடுச்சி. கொஞ்ச நேரத்துல போன்ல டவரும் போயிடுச்சி. ஷீட்டு தடதடன்னு அடிச்சிகினு இருந்துச்சி, ஆனா மூட்டை தாங்குச்சி. கதவுக்குக் கீழ கோணி அடைச்சதால தண்ணி உள்ள வரல. ஏர் பெட்டு மெசினு சத்தம் மட்டும் கொர்ருன்னு கேட்டுகினே இருந்துச்சி. நான் செஞ்ச ஏற்பாடு ஒண்ணுகூட ஏமாத்தலன்னு நெனச்சிகினு அம்மா பக்கத்துலயே படுத்தேன். கொஞ்சம் தூங்கவும் தூங்கினேன்.

காலையில பத்து மணிக்கு மேல காத்து மாறிடுச்சி. எங்காளுங்களுக்கு இதுல ஒரு கணக்கு கீது. வாடையில அடிச்சிகினு இருந்த காத்து மேக்கால திரும்பிடுச்சின்னா, புயலு எங்களத் தாண்டி வடக்க போயிடுச்சின்னு அர்த்தம். அந்தக் கணக்கு பொய்யாப் போயி நான் பாத்ததில்ல. அதுக்கு மேல டிவியும் வாணாம், போனும் வாணாம். மேக்காத்து மூஞ்சில பட்டதும் குப்பமே வெளிய வந்துச்சி. பக்கத்து வூட்டுப் பொம்பளை அடுப்பு பத்த வெச்சி தெருவுக்கே டீ போட்டா. யாரோ சிரிச்சாங்க. முடிஞ்சிச்சிப்பா, இந்த தபா தப்பிச்சோம்னு ஆளாளுக்கு சொல்லிகினாங்க.

அம்மாவக் கட்டில்ல ஏத்திடலாமான்னு நான் கேட்டேன். கேக்காம இல்ல. எங்க வூட்டுக்காரரு, ரோட்டாண்ட போட்டு ஒண்ணோட ஒண்ணு மோதிகினு கெடக்குதாம், போயி நிமித்திட்டு வந்துடறேன், பங்காளியும் வருவாரு, எஞ்சின அப்பிடியே போட்டாண்ட தூக்கிகினு போயிட்டா கட்டிலு காலின்னாரு. நாயமாத்தான் பட்டுச்சி. சரின்னேன். அம்மாவுக்கு கஞ்சி ஊத்தி, துணி மாத்தினேன். மத்தியானம் ரெண்டு மணி இருக்கும், அவரு இன்னும் வரலியேன்னு தூக்குல டீ எடுத்துகினு ரோட்டத் தாண்டி கடல் பக்கம் போனேன். அரை மணி நேரத்துல வந்துடறேம்மான்னு சொல்லிட்டுதான் போனேன்.

கடலையே பாத்து வளந்த ஜனம் நாங்க. எங்களுக்குக் கெடுதலுன்னா கடல்லேர்ந்துதான் வரும். எங்க முதுகுக்குப் பின்னால ஆறு கீதுன்னு எங்களுக்குத் தெரியாதா? தெரியும். எறா புடிக்கிற எடம்னு தெரியும். மேக்க ஏரிங்க ரொம்பி தண்ணியத் தொறந்து வுட்டிருக்காங்க, ஆத்தாண்ட இருக்கறவங்க மேடான எடத்துக்குப் போங்கன்னு டிவியில காலையிலேர்ந்து ஓடிகினே இருந்துச்சாம். இத நான் ரெண்டு நாளு கழிச்சி ஆஸ்பத்திரியில பக்கத்து பெட்டுக்காரி சொல்லித் தெரிஞ்சிகினேன். எங்க குப்பத்துல டிவி இல்ல, போன் இல்ல, கரண்ட்டு இல்ல. காத்து திரும்பின ஒரு சேதிதான் எங்களுக்கு வந்த சேதி. குப்பமே கடலப் பாத்து நின்னுகினு, பொழச்சோம்னு சொல்லிகினு இருந்துச்சி.

டீயக் குடுத்துட்டுத் திரும்பி ரோட்டு மேல ஏறினப்பதான் பாத்தேன். எங்க தெரு இல்ல. அந்த எடத்துல கறுப்பா ஒண்ணு மினுமினுன்னு ஓடிகினு இருந்துச்சி. எண்ணெய். ஆத்துத் தண்ணி மேல விரக்கடை கனத்துக்கு எண்ணெய். ஏதோ கம்பெனியிலேர்ந்து வந்ததுன்னு அப்பால சொன்னாங்க, அன்னிக்கி எவனுக்கும் தெரியல, நாத்தம் தலைய சுத்துச்சி. டீத் தூக்கக் கீழ போட்டுட்டு எறங்கினேன். மொழங்காலுக்கு மேல தண்ணி. காலு வழுக்குது, ரெண்டு தபா வுழுந்தேன். அம்மா அம்மான்னு கத்திகினே போனேன்.

வூட்டுக்குள்ள தண்ணி தொடைக்கு நின்னுச்சி. ஸ்டூலும் பேட்டரியும் முழுகிப் போச்சி. ஏர் பெட்டு ஒரு பக்கம் தூக்கிகினு மெதக்குது, அம்மா அதுலேர்ந்து சரிஞ்சி, இடது கையால கட்டில் காலப் புடிச்சிகினு, மொகம் மட்டும் மேல வெச்சிகினு கெடந்தா. மொகம் பூரா கறுப்பு. கண்ணு ரெண்டும்தான் தெரிஞ்சிது. வாயத் தொறந்தா எண்ணெய்த் தண்ணி உள்ள போவுதுன்னு வாய மூடிகினு, மூக்கால மூச்சு வுட்டுகினு இருந்தா. எவ்ளோ நேரம் அப்பிடி இருந்தாளோ, எனக்குத் தெரியாது. கட்டில் மேல எஞ்சினு சொட்டு நனையாம தார்ப்பாயிக்குள்ள படுத்துகினு இருந்துச்சி.

அம்மா தலையத் தூக்கி என் தோள்ல சாச்சிகினேன். அவளக் கட்டில்ல ஏத்தணும்னா எஞ்சினத் தள்ளணும். அது கயித்தால கட்டிகீது. ஒரு கையில அம்மா, இன்னொரு கையால முடிச்ச அவுக்கப் பாக்கறேன். மீன்காரன் போட்ட முடிச்சி, அதுல எண்ணெய்க் கையி. வழுக்கிகினே போச்சி. கத்தினேன். தெருவே கத்திகினு இருந்துச்சி, யாரு கொரல யாரு கேப்பாங்க. அப்பிடியே அவளப் புடிச்சிகினு நின்னேன். என் ரவிக்கைய அவ இடது கையி இறுக்கிப் புடிச்சிருந்துச்சி.

எங்க வூட்டுக்காரரு நீந்தற மாதிரி வந்தாரு. ஒரே பார்வைதான் பாத்தாரு. இடுப்புலேர்ந்து கத்திய எடுத்து கயித்த அறுத்து, எஞ்சினத் தோளு குடுத்து ஒரே தள்ளா தண்ணியில தள்ளினாரு. யோசிக்கவே இல்ல. அம்மாவத் தூக்கி கட்டில்ல போட்டுட்டு, என் தாயேன்னு அவ காலப் புடிச்சிகினு அழுதாரு. அன்னிக்கி சாயங்காலம் ஆளுங்க கைத்துடுப்பு போட்டு தெருவுக்குள்ளயே போட்டக் கொணாந்தாங்க. அதுலதான் அம்மாவ ரோட்டு வரைக்கும் கொணாந்து, அங்கேர்ந்து பெரியாஸ்பத்திரிக்கு எடுத்துகினு போனோம்.

தேங்காண்ணெய் தடவித் தடவி நர்சும் நானும் அந்தக் கறுப்ப எடுத்தோம். மேல போச்சி. உள்ள போனத எப்பிடி எடுக்கறது? நெஞ்சுல சளி கட்டிகிச்சி, இடுப்புப் புண்ணு பெருசாயிடுச்சி. மூணாவது நாளு கொஞ்சம் தேறின மாதிரி இருந்துச்சி. நாஸ்டாவுக்கு ரெண்டு இட்லி கேட்டா, ஒண்ணு துன்னா. பொழச்சிக்குவான்னு நெனச்சேன். அன்னிக்கி மத்தியானம் நான் அவ நெகத்துல இருந்த எண்ணெய ஊசி வெச்சி சுரண்டிகினு இருந்தேன். அம்மா என்னையே பாத்துகினு இருந்துட்டு சொன்னா:

"எஞ்சின மேல வைங்கன்னு சொன்னேன்ல அன்னிக்கி. நீ வாணாம்னு சொல்லுவன்னு நெனச்சிதான்டி சொன்னேன்."

கோவமாச் சொல்லல. ஏதோ கடையில இன்னா வாங்கினேன்னு சொல்ற மாதிரி சொன்னா. ஊசியக் கீழ வெச்சேன். அவளுக்கு மீன் தலைய வெச்சா, வாணாம் மாப்ளைக்கு வையின்னுவா. ரெண்டாவது தபா வெச்சா, அட இன்னாடீன்னுவா. மூணாவது தபா வெச்சாதான் துன்னுவா. பொண்ணு வூட்ல இருக்கறவ அப்பிடித்தான் சொல்லுவா, பெத்த பொண்ணு அப்பிடித்தான் திருப்பி வெக்கணும். அவ வந்த நாள்லேர்ந்து ஒவ்வொரு வேளையும் நான் செஞ்சிகினு இருந்த வேலை அது. அன்னிக்கி ஒரே ஒரு தபா, அவ சொன்னத அப்பிடியே எடுத்துகினேன். எனக்கு சௌரியமா இருந்துச்சி, எடுத்துகினேன். அவ தண்ணி கேட்டா, குடுத்தேன். அதுக்கப்பறம் அவ அதப் பத்திப் பேசல. அஞ்சாறு நாளுல போயிட்டா.

எங்க வூட்டுக்காரரு அடுத்த மழைக்கு முந்தி, ரூம்பு மூலையில செங்கல்லு வெச்சி மாரு ஒசரத்துக்கு ஒரு மேடை கட்டினாரு. எஞ்சினுக்குன்னே கட்டினது. அவரே கலவை கொழைச்சி, அவரே பூசினாரு. அதப் பாத்துட்டு எங்க தெருவுல இன்னும் நாலு வூட்ல கட்டியிருக்காங்க. கூண்டு ஏத்தினா இப்ப எஞ்சினு நேரா மேடைக்குப் போவும். கட்டில்ல ஆளு படுத்துக்கலாம். நல்ல யோசனைன்னு யாராவது சொன்னா அவரு தலையக் குனிஞ்சிகினு, "எங்க அத்தையக் கீழ எறக்கின பாவி நான்தானே"ன்னுவாரு. சாராயம் குடிச்சாலும் அதான், குடிக்கலன்னாலும் அதான். ஆளு பாதியா எளைச்சிட்டாரு.

அம்மா சொன்னத நான் இன்னும் அவராண்ட சொல்லல. சொன்னா, பாவி அவரு இல்ல நான்தான்னு ஆயி, அந்த மனுசன் மனசு பாதியாவது ஆறும்னு எனக்குத் தெரியும். எத்தினியோ தபா வாய் வரைக்கும் வந்துகீது. தெரிஞ்சேதான் சொல்லாம இருக்கேன்.